குறைந்துகொண்டே போய்க் கூடிவிட்ட எண்

ஒரு கண்காணிப்பு கேமராவுக்கு இரண்டு ஜிபி குப்பையை அனுப்பினால் என்ன ஆகும்? கட்டளை எதுவும் இல்லை, வைரஸ் இல்லை. அர்த்தமில்லாத எழுத்துகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக. கேமரா திணறும், கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளும், ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2017-இல் சென்ரியோ என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் இதைச் செய்துபார்த்தார்கள். குப்பையின் வாலில் சில பைட்டுகளை மட்டும் கவனமாகத் தேர்ந்து வைத்தபோது, கேமரா அவர்கள் சொன்னபடி கேட்டது. பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. கேமராவைப் பழைய நிலைக்கு ரீசெட் செய்யவும், அது காட்டும் படத்தைப் பார்க்கவும், சொந்தக்காரரையே உள்ளே விடாமல் தடுக்கவும் அவர்களால் முடிந்தது.

இத்தனைக்கும் காரணம், நிரலில் ஒரு வரி. எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கும் வரி. அதை எழுதியவர் பாதுகாப்பை மறந்தவர் இல்லை. பாதுகாப்புக்காகத்தான் அந்த வரியையே எழுதியிருந்தார்.

கண்ணுக்குள் ஒரு கணினி

சென்ரியோ சோதித்தது ஆக்சிஸ் எம்3004 என்ற சிறிய டோம் கேமரா. கூரையில் கவிழ்த்து ஒட்டிய அரைக்கோளம் மாதிரி இருக்கும். ஸ்வீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம் இந்தத் துறையில் முன்னோடி. நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் கேமராவை 1996-லேயே கொண்டுவந்தவர்கள். அதற்கு முந்தைய சிசிடிவி கேமராக்கள் கேபிள் வழியே படத்தை அனுப்பும், அவ்வளவுதான். அவற்றுக்குக் காது கிடையாது. யார் என்ன சொன்னாலும் புரியாது.

நெட்வொர்க் கேமராவின் கதை வேறு. அதற்குள் பிராசஸர் உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் லினக்ஸ் உண்டு, சின்னதாக ஒரு வெப் சர்வரும் உண்டு. அதன் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டினால் ஒரு பக்கம் திறக்கிறது. கொதிகலன் அறையிலும் கன்வேயர் பெல்ட்டின் மேலும் துணை மின்நிலையத்தின் வேலியிலும் துறைமுகக் கிடங்கிலும் மாட்டியிருப்பவை எல்லாம், லென்ஸ் பொருத்திய கணினிகள்தான். கணினி என்றால் வெளியிலிருந்து வருவதைப் படித்தாக வேண்டும். படிக்கும் இடத்தில்தான் வம்பு தொடங்குகிறது.

ஒரு ஆலையில் நான்கு நிறுவனங்களின் கேமராக்கள் இருக்கும், ரெக்கார்டர் ஐந்தாவது நிறுவனத்துடையதாக இருக்கும். இவை ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டுமென்று ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் 2008-இல் சேர்ந்து ஆன்விஃப் என்ற அமைப்பைத் தொடங்கின. 'வலப்பக்கம் திரும்பு', 'உன் ரெசல்யூஷன் என்ன' போன்ற செய்திகளை எக்ஸ்எம்எல் வடிவத்தில் பொட்டலம் கட்டி அனுப்பும் முறையை அது வகுத்தது. அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கும் நிரலை எழுதுவது சலிப்பான வேலை. ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதுதான் மென்பொருள் உலகின் வழக்கம். இந்த வேலைக்கு அப்படிக் கிடைத்தது ஜிசோப் என்ற லைப்ரரி. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் வான் எங்கலன் உருவாக்கியது. அவருடைய ஜெனீவியா நிறுவனம் பராமரிப்பது. பத்து லட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டது. ஆக்சிஸும் அதைத்தான் கேமராவுக்குள் வைத்திருந்தது.

64 இடங்கள்

எக்ஸ்எம்எல் கோப்பின் தொடக்கத்தில் '<?' என்று ஆரம்பித்து '?>' என்று முடியும் ஒரு சிறு குறிப்பு வரும். இந்தக் கோப்பு எந்த எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது என்பதைப் போன்ற தகவல் அதில் இருக்கும். அதைப் படிக்க ஜிசோப்பில் ஒரு சிறிய செயல்கூறு உண்டு. சி மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி.

அது வேலை செய்யும் விதம் இதுதான். முதலில் 64 பைட் இடத்தை ஒதுக்கிக்கொள்கிறது. ஓர் எண்ணியை 64 என்று வைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வாங்குகிறது. எழுத்து வந்ததும் எண்ணியில் ஒன்றைக் கழிக்கிறது. மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் எழுத்தை இடத்தில் எழுதுகிறது. இல்லாவிட்டால் எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை வாங்குகிறது. கேள்விக்குறி வரும்வரை இதே வேலை.

போட்டுப் பாருங்கள். முதல் எழுத்துக்கு எண்ணி 63, எழுதலாம். 63-ஆவது எழுத்துக்கு எண்ணி 1, எழுதலாம். 64-ஆவது எழுத்துக்குப் பூஜ்யம், எழுதக் கூடாது. அந்தக் கடைசி இடம் 'சரம் இங்கே முடிகிறது' என்ற அடையாளத்துக்காகக் காலியாக நிற்கிறது. நூறு எழுத்து வந்தாலும் ஆயிரம் வந்தாலும் பத்து லட்சம் வந்தாலும் 63 மட்டும் பதிவாகும், மற்றவை காற்றோடு போகும். கல்லூரித் தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். இடத்தைவிட அதிகமாக எழுதிவிடக் கூடாது என்பது சி மொழியில் முதல் பாடம். அந்தப் பாடம் இங்கே ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது.

ஒரே ஒரு விஷயம். எழுத்தைத் தூக்கி எறியும்போதும் எண்ணி குறைந்துகொண்டே இருக்கிறது. பூஜ்யத்துக்குப் பிறகு −1, −2, −3... அதனால் என்ன, எதிர்ம எண் எப்போதும் பூஜ்யத்தைவிடச் சிறியதுதானே?

காகிதத்தில், ஆமாம். கணினிக்குள் இல்லை.

கடைசிப் படிக்கு அடுத்த படி

அந்த எண்ணி 32 பிட் அகலமுள்ளது. 32 பிட்டை வைத்து விளக்கினால் கண்ணைக் கட்டும். நான்கு பிட் கணினி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு பிட்டில் பதினாறு வடிவங்கள்தான் சாத்தியம். 0000 முதல் 0111 வரை உள்ள எட்டும் 0 முதல் 7 வரையிலான எண்கள். 1-இல் தொடங்கும் மற்ற எட்டும் எதிர்ம எண்கள்: 1111 என்றால் −1, 1110 என்றால் −2, இப்படியே இறங்கி 1000 என்றால் −8.

ஏன் இந்த விசித்திரமான ஏற்பாடு? 1111 உடன் 0001-ஐக் கூட்டிப் பாருங்கள். 10000 வரும். ஐந்தாவது பிட்டுக்கு இடமில்லாததால் அது விழுந்துவிட, மிஞ்சுவது 0000. அதாவது −1 உடன் 1-ஐக் கூட்டினால் பூஜ்யம். கூட்டுவதற்கு ஒரு சர்க்யூட், கழிப்பதற்கு வேறொன்று என்று தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை. கூட்டல் சர்க்யூட்டே இரண்டையும் பார்த்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு, இன்றைய கணினிகள் எல்லாம் இதைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. இருப்பதிலேயே சிறிய எண்ணான −8-இலிருந்து, அதாவது 1000-இலிருந்து, ஒன்றைக் கழியுங்கள். 0111 வருகிறது. அது 7. குறைந்துகொண்டே போன எண், கடைசிப் படிக்கு அடுத்த படியில் காலை வைத்ததும், இருப்பதிலேயே பெரிய எண்ணாகிவிட்டது.

32 பிட்டில் மிகச் சிறிய எண் −2,14,74,83,648. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் +2,14,74,83,647. ஜிசோப்பின் எண்ணி 64-இல் கிளம்புவதால், 2,14,74,83,712 எழுத்துகளைப் பெற்றபின் அடிமட்டத்தைத் தொடுகிறது. இதுதான் அந்த இரண்டு ஜிபி. அதற்கு அடுத்த எழுத்து வந்ததும் எண்ணி 214 கோடிக்குத் தாவுகிறது. 'மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு இப்போது 'தாராளமாக' என்பதுதான் பதில். எழுதும் இடமோ 63-ஆவது எழுத்துக்குப் பக்கத்திலேயே இத்தனை நேரமும் காத்திருக்கிறது. புதிய எழுத்து கடைசியாக இருந்த காலி இடத்தில் விழுகிறது. அதற்கடுத்தது எல்லைக்கு வெளியே.

இந்த எண் கணினி உலகில் வேறு இடங்களிலும் தலைகாட்டியிருக்கிறது. 2014-இல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த எல்லையை நெருங்கியபோது யூட்யூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிக்கொண்டது. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு மென்பொருள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் அதற்குள் உள்ள எண்ணி நிரம்பி வழிந்து, விமானம் மின்சாரத்தை இழக்கக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை எச்சரித்தது. ஒரு நொடிக்கு நூறு என்று எண்ணினால் 214 கோடியைத் தொட ஏறத்தாழ 248 நாள் ஆகும், கணக்கு பொருந்துகிறது.

குப்பையின் வால்

எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது? அங்கேதான் விபரீதம். ஒரு செயல்கூறு தன் வேலையை முடித்துவிட்டு நிரலில் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரி, ஸ்டாக் எனப்படும் அதே நினைவகப் பகுதியில் கொஞ்சம் தள்ளி எழுதி வைக்கப்பட்டிருக்கும். வழிந்த எழுத்துகள் அந்த முகவரியின் மேல் விழுகின்றன. கேள்விக்குறி வருகிறது; செயல்கூறு முடிகிறது; பிராசஸர் முகவரியைப் பார்க்கிறது; அங்கே தாக்குபவர் எழுதிய முகவரி இருக்கிறது. பிராசஸர் கேள்வி கேட்காமல் அங்கே போகிறது.

குப்பையின் கடைசிச் சில பைட்டுகள் குப்பையாக இல்லாமல் போனது இதனால்தான். ஆனால் அவற்றைத் தேர்வது லேசான வேலை இல்லை. கேள்விக்குறியைப் பயன்படுத்த முடியாது, படிப்பது நின்றுவிடும். 32-உம் அதற்குக் கீழும் மதிப்புள்ள பைட்டுகளை இந்தச் செயல்கூறு வெற்று இடைவெளியாக மாற்றிவிடும். முகவரியில் அப்படி ஒரு பைட் இருந்தால் எல்லாம் பாழ். மிச்சமிருக்கும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, கேமராவுக்குள் ஏற்கெனவே இருக்கும் நிரல் துண்டுகளைத் தாக்குபவர் தனக்குச் சாதகமான வரிசையில் ஓட வைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி எழலாம். குறைந்த நினைவகமே உள்ள அந்தச் சின்னக் கேமரா எப்படி இரண்டு ஜிபியை விழுங்கியது? விழுங்கவே இல்லை. எழுத்து வர வர எறிந்துகொண்டே இருந்ததால் அதன் நினைவகம் நிரம்பவில்லை. சிக்கனமாக எழுதப்பட்ட நிரல் என்பதால்தான் தாக்குதல் சாத்தியமாயிற்று. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இரண்டு ஜிபியை அனுப்பக் கணக்குப்படி மூன்று நிமிடம் போதும். கேமராவின் மெதுவான பிராசஸர் அதைப் படித்து முடிக்க இன்னும் நேரம் பிடிக்கும். அதுவரை வெளியே எந்த அறிகுறியும் இருக்காது.

பல ஆண்டுகள் இது யார் கண்ணிலும் படாததற்குக் காரணமும் எளிது. ஒரு கேமராவுக்கு அனுப்பும் எக்ஸ்எம்எல் செய்தி சில கிலோபைட்தான் இருக்கும். சோதிப்பவர்கள் அதைப் பத்து மடங்கு, நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். லட்சக்கணக்கான மடங்கு என்று யாருக்கும் தோன்றாது. பெரிய இணையதளங்களில் இந்தப் பிரச்சினையே எழாது. என்ஜினெக்ஸ் போன்ற வெப் சர்வர்கள் தாமாகவே ஒரு எம்பிக்கு மேல் வரும் கோரிக்கையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். கேமராவுக்குள் இருந்த சர்வருக்கு அப்படி ஒரு வாசல்காப்பு இல்லை.

பரவிய கொடி

இந்த ஓட்டைக்கு அதிகாரப்பூர்வ எண் சிவிஇ-2017-9765. சென்ரியோ வைத்த பெயர் 'டெவில்ஸ் ஐவி'. நம் வீடுகளில் பாட்டில் தண்ணீரில் போட்டு வளர்க்கும் மணி பிளான்ட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு பெயர் அது. ஒரு துண்டை ஒடித்து எங்கே வைத்தாலும் பிடித்துக்கொள்ளும், லேசில் சாகாது. ஜிசோப்பின் நிரலும் அப்படித்தான் பரவியிருந்தது.

ஆக்சிஸ் தன் கேமராக்களைச் சோதித்துவிட்டு, 249 மாடல்களில் இந்த ஓட்டை இருப்பதாகச் சொன்னது. தப்பித்தவை மூன்றே மூன்று பழைய மாடல்கள். அந்த ஜூலை மாதத் தொடக்கத்தில், இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித்தரும் ஷோடான் தளத்தில், ஆக்சிஸின் டோம் கேமராக்கள் மட்டும் 14,000-க்கு மேல் தென்பட்டன. ஜெனீவியா 2017 ஜூன் 21 அன்று திருத்திய பதிப்பான 2.8.48-ஐ வெளியிட்டது, ஆக்சிஸ் கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக் கொடுத்தது, அதன்பின் ஜூலை 18 அன்றுதான் சென்ரியோ விஷயத்தை வெளியே சொன்னது. சம்பந்தப்பட்ட மூவரும் நடந்துகொள்ள வேண்டிய முறையில் நடந்துகொண்டார்கள்.

ஆனால் ஜிசோப்பைப் பயன்படுத்தியது ஆக்சிஸ் மட்டும் இல்லை. 2.7 முதல் 2.8.47 வரையிலான பதிப்புகளை உள்ளே வைத்துக்கொண்டு வேறு எந்தெந்தக் கருவிகள் உலகில் ஓடுகின்றன என்று முழுப் பட்டியல் போட யாராலும் முடியவில்லை. வாங்கியவருக்கு உள்ளே ஜிசோப் இருப்பது தெரியாது. விற்றவருக்கும் பல நேரங்களில் தெரிந்திருக்காது. அவர் நிரலை வேறொரு நிறுவனத்திடம் வாங்கியிருப்பார். ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன லைப்ரரிகள், எந்தெந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியலை விற்பவர் கொடுத்தாக வேண்டும் என்ற பேச்சு இந்த மாதிரிச் சம்பவங்களால்தான் வலுத்தது. 2021 மே மாதம் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று, அரசு வாங்கும் மென்பொருளுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்ற நிலைக்கு அதைக் கொண்டுபோனது.

ஆலைக்குள்

ஒரு கேமரா போனால் ஒரு காட்சிதானே போகும் என்று நினைக்கலாம். காட்சி போவதைவிடப் பொய்க் காட்சி வருவது மோசம். 2013-இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் கிரெய்க் ஹெஃப்னர் என்ற ஆய்வாளர், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்காணிப்புத் திரையில் ஒரே படத்தை உறைய வைத்துக் காட்டினார். சினிமாவில் கொள்ளைக்காரர்கள் செய்யும் அதே வித்தை, நிஜக் கேமராவில்.

இன்னொரு ஆபத்து, கேமரா படிக்கட்டாக மாறுவது. ஆலைகளில் கேமராக்கள் இருக்கும் நெட்வொர்க்கும், இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி-க்கள் இருக்கும் நெட்வொர்க்கும், அலுவலகக் கணினிகளின் நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில், ரெக்கார்டர் ஒன்றோ மேலாளரின் கணினி ஒன்றோ இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு நிற்கும். 2025-இல் எஸ்-ஆர்எம் என்ற நிறுவனம் விவரித்த ஒரு சம்பவத்தில், அகிரா என்ற பணப்பறிப்புக் கும்பல் ஒரு நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளில் தன் நிரலை இறக்கப் பார்த்தது. பாதுகாப்பு மென்பொருள் தடுத்துவிட்டது. கும்பல் நெட்வொர்க்கை அலசியது. லினக்ஸில் ஓடும், பாதுகாப்பு மென்பொருள் எதுவும் இல்லாத ஒரு வெப்கேம் கிடைத்தது. அதற்குள் நுழைந்து, அங்கே உட்கார்ந்தபடியே மற்றக் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டது.

கேமராக்களே ஆயுதமாவதும் உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்து, அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கி, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களை அமெரிக்காவில் முடக்கியது. அதற்கு எந்த நுணுக்கமும் தேவைப்படவில்லை. ஆலையிலேயே போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகள் அறுபதுக்கு மேல் அதன் கையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, போதுமாக இருந்தது. பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் மிராயிடமிருந்து தப்பியிருக்கலாம். டெவில்ஸ் ஐவிக்கு எவ்வளவு நல்ல பாஸ்வேர்டும் உதவாது. பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்கும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? கேமராவை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காமல் இருப்பது முதல் வேலை. கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் அடைத்து, ரெக்கார்டரைத் தவிர வேறு எதனுடனும் அவை பேச முடியாதபடி ஃபயர்வாலில் கட்டுவது அடுத்தது. ஒரு கேமராவுக்கு ஒரே மூச்சில் இரண்டு ஜிபி உள்ளே வருகிறது என்றால், வழக்கமாகப் படத்தை வெளியே அனுப்பும் கருவிக்கு அது தலைகீழ் போக்குவரத்து; கவனிக்கிற ஃபயர்வால் இருந்தால் அப்போதே கூச்சலிடும். இந்திய அரசும் இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது: 2025 ஏப்ரல் முதல், இங்கே விற்கப்படும் இணையக் கேமராக்கள் மூலநிரலோடு அரசு அங்கீகரித்த ஆய்வகச் சோதனைக்கு உட்பட வேண்டும்.

ஏணியில் ஏறுபவர்

ஜெனீவியா செய்த திருத்தம் என்ன தெரியுமா? கழிக்கும் வேலையை இடம் மாற்றினார்கள். முன்பு எழுத்து வந்தாலே எண்ணி குறையும். இப்போது எழுத்தை உண்மையில் எழுதினால் மட்டும் குறையும். இடம் தீர்ந்ததும் எண்ணி 1-இல் நின்றுவிடும். அதற்குப் பிறகு இருநூறு கோடி எழுத்து வந்தாலும் ஆயிரம் கோடி வந்தாலும் அது அசையாது. ஒரு வரியை ஒரு படி உள்ளே நகர்த்தியதில் பிரச்சினை தீர்ந்தது.

ஜெனீவியாவின் சர்வரில் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து அது ஆக்சிஸின் ஃபர்ம்வேருக்கு வர வேண்டும். கேமராக்களைப் பொருத்திய ஏஜென்சிக்குச் செய்தி போக வேண்டும். ஆலையில் ஷிப்டு நிறுத்தும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். கேமரா நெட்வொர்க்கில் ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் ஒருவர் ஏணி போட்டு ஏற வேண்டும். பத்து வருடம் ஓடக்கூடிய கேமராவைப் பொருத்திய ஏஜென்சி ஐந்தாம் வருடமே கடையை மூடியிருக்கும். தயாரித்த நிறுவனமே அந்த மாடலைக் கைவிட்டிருக்கவும் கூடும். திருத்தம் எழுதப்பட்டுவிட்டது என்பதும் திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு செய்திகள்.

அதனால் கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், இரவில் எத்தனை மீட்டர் தெரியும் என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு எந்த வருடம் வரை ஃபர்ம்வேர் தருவீர்கள்? அதைக் கொண்டுவந்து போடப்போவது யார்? இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆள் பெயரும் போன் எண்ணும் பதிலாக வராவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறு கடையைப் பார்ப்பது நல்லது.